கடைசியாக வருபவள்

கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டியும் பார்த்துவிட்டுத்தான் நோரீன் கிளம்பினாள். இருபது அடிகூட நடந்திருக்க மாட்டாள். அதே கேட் பின்னால் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். கேட் சாத்தித்தான் இருந்தது. அதற்கப்பால் மூன்று ஆடுகள், ஈரக் கற்சுவர், மேட்டிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்த மூடுபனி.

யார்க்‌ஷயர் மேட்டு நிலத்தின் அடியில் இருந்த அந்தச் சிற்றூருக்கு அவள் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே இருந்தவள். கணவன் போன பிறகு வாங்கிய சின்ன வீட்டின் அமைதி அவளைத் தின்றது. கடைக்காரியைத் தவிர ஒருவரோடும் பேசாமல் ஒரு வாரம் முழுக்கப் போனதுண்டு. அதனால்தான் நடைக்குழுவில் பெயர் கொடுத்தாள். இன்று முதல் நடை. அவளோடு சேர்த்து ஏழு பேர்.

"புதுசா வர்றவங்க கடைசில வரணும் கண்ணு, கேட்டெல்லாம் சாத்திட்டு," என்று காலையில் சொல்லியிருந்தார் க்ளிஃப். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவுக்குத் தலைவர். "ஆடு வெளிய போச்சுன்னா பண்ணைக்காரன் என் தோலை உரிச்சுக் காயப்போட்டுடுவான்."

"காயப்போட இந்த ஊர்ல வெயில் ஏது?" என்றாள் மேவிஸ்.

எல்லோரும் சிரித்தார்கள். நோரீனும் சிரித்தாள். மேவிஸ் தன் டப்பாவைத் திறந்து ஓட்ஸ் கேக் ஒன்றை அவள் கையில் வைத்து, "நல்லாச் சாப்பிடுங்க, ஏத்தம் இருக்கு," என்றாள். அந்த ஒரு துண்டு கேக்குக்காக நோரீன் மனதுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

இரண்டாவது கேட்டிலும் அந்தச் சத்தம் வந்தது. மூன்றாவதில் இன்னும் கிட்டத்தில். மணி நான்குகூட ஆகவில்லை, ஆனாலும் நவம்பர் வெளிச்சம் புல்லிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. நனைந்த கம்பளியும் சேறும் கலந்த வாடை கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. சேற்றில் புதைந்த கால் ஒன்று சளக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. பிறகு இன்னொரு கால். முன்னே போன ஆறு பேரும் திடீரென்று சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"பின்னால யாரோ கஷ்டப்பட்டு வர்றாங்க," என்றாள் நோரீன். "நின்னு கூட்டிட்டுப் போலாமே."

"காத்துங்க அது," என்றாள் மேவிஸ், நடந்தபடியே. "திரும்பாதீங்க."

கடைசி கேட்டில் கொக்கி இல்லை, கயிறுதான். அந்தப் பக்கம் ஊருக்கு இறங்கும் கற்படிகள். எல்லோரும் அதைத் தாண்டியதும் க்ளிஃப் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்.

"மூணு சுத்து. நல்லா இறுக்கி."

"பின்னால வர்றது யாருன்னு முதல்ல சொல்லுங்க."

மேவிஸ்தான் வாய் திறந்தாள். "ஐவி. உங்களை மாதிரி புதுசா வந்தவ. மூணு வருஷம் ஆச்சு. இதே மாதிரி பனி. பின்னால ஆள் இருக்கறது தெரியாம நான்தான் கேட்டைக் கட்டினேன். சாப்பிட உக்காந்தப்பதான் ஒரு நாற்காலி காலியா இருந்துச்சு."

"திரும்பி வந்து பாத்தீங்களா?"

"சூப் வெச்சுட்டாங்க," என்றார் க்ளிஃப். "அவளே வந்துடுவான்னு நெனச்சோம். மறுநாள் காலைல இந்தக் கம்பியைப் பிடிச்சபடியே செத்துப்போயிருந்தா. விரல் விறைச்சு, முடிச்சை அவுக்க முடியல." கேட்டைக் காட்டினார். "இதைத் தாண்டி அவ வந்ததில்ல. கட்டிடு கண்ணு. கட்டினா நீ எங்க ஆளு."

நோரீன் அந்த ஆறு முகங்களையும் பார்த்தாள். கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். கட்டாவிட்டால் மறுபடி அந்த வீடு, அந்த அமைதி. காலடி நெருங்கிவிட்டது. மூச்சு கேட்கவில்லை. காலடி மட்டும்.

"முப்பது வருஷம் சோறு போட்டவ நான்," என்றாள். "கடைசியா வந்த பிள்ளைக்குத் தட்டு இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

கயிற்றைச் சுவருக்கு அப்பால் எறிந்தாள்.

அவர்கள் ஓடினார்கள். தடுமாறி, படிகளில் இறங்கி.

அவள் கேட்டை அகலத் திறந்து பிடித்தாள். ஆண்டவரே, கூடவே இரும். பனி. வாடை. நீல மழைச்சட்டை ஒன்று. தலையை மூடிய துணிக்குள் இருட்டு. கம்பியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்த விரல்கள்.

"வாங்க ஐவி. பாத்து, படி வழுக்கும்."

அது அவளைக் கடந்து இறங்கியது.

நோரீன் கேட்டைச் சாத்தப் போனாள். முடியவில்லை. மேட்டுப் பக்கம் இன்னொருவர். தலையில் சாக்கு போட்ட ஆட்டிடையன். அவன் விரல்களும் வளைந்திருந்தன. அவன் பின்னால் பழங்காலத்து மரக்கட்டைச் செருப்போடு ஒரு பெண். அவள் பாவாடையைப் பிடித்தபடி இரண்டு சின்னவை. அவற்றின் பின்னால், பனிக்குள், மேடு முழுக்க இன்னும் ஆட்கள்.

ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. கீழே எரிந்த ஊர் விளக்குகளையே பார்த்தபடி இறங்கினார்கள்.

கை மரத்தது. விடவில்லை. "பாத்து வாங்க," என்றாள் ஒவ்வொருவரிடமும். "பாத்து வாங்க."

கீழே, முதல் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த வீடு. பிறகு எல்லா வீடும்.