எழுத்து போகும் வழி

எளாவூர் பள்ளியின் கணினி அறையில் ஷைனி ஒரு படகு வரைந்தாள். அதைச் சேமிக்கத் தன் பென் டிரைவைச் செருகினாள். சற்று நேரத்தில் மவுஸ் நகரவில்லை. கீபோர்டைத் தட்டினாலும் எதுவும் நடக்கவில்லை. திரையில் படகு மட்டும் அப்படியே நின்றது.

"நல்லா ஓடிக்கினு இருந்துச்சு. நீதான் கெடுத்துட்டே," என்றான் உடன் படிக்கும் ஜெகன்.

"நான் இன்னாடா பண்ணேன்? சும்மா செருகினேன்."

மறுநாள் ஷைனி கணினி அறைக்கு வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தோழி பூமிகாவுக்கு மனசு கேட்கவில்லை. "கீபோர்டு, மவுஸ் ரெண்டும் ஒண்ணா எப்படிக் கெட்டுப்போகும்?" என்று யோசித்தாள். சந்திரமோகன் சாரிடம் கேட்டு, இரண்டையும் பக்கத்துக் கணினியில் மாட்டினாள். நன்றாக வேலை செய்தன. திரும்பவும் பழைய கணினியில் மாட்டி, பென் டிரைவ் இல்லாமலே அதை ஓடவிட்டாள். முதலில் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் நின்றுவிட்டது.

"சார், ஷைனி தொடவே இல்ல. அப்பவும் நின்னுடுச்சு. உள்ளதான் இன்னாவோ ஆயிருக்கு."

சார் கும்மிடிப்பூண்டியிலிருந்து கணினி பழுது பார்க்கும் ஈஸ்வரியை வரவழைத்தார். ஈஸ்வரி பெட்டியைத் திறந்தாள்.

பூமிகா மூச்சுவிடவும் மறந்து பார்த்தாள். பச்சைப் பலகை முழுக்கத் தலைமுடியைவிட மெல்லிய கோடுகள். எங்கெங்கிருந்தோ வந்த கோடுகள் ஒரு சின்னச் சதுரத்தில் போய் முடிந்தன.

"அது இன்னாக்கா?"

"சிப்செட். கணக்குப் போடுறது பிராசசர், அது வேற. நீ ஒரு எழுத்தைத் தட்டினா, இதுதான் வாங்கி அதுகிட்ட சேர்க்கும். மவுஸு, பென் டிரைவு, பாட்டு எல்லாமே இது வழியாத்தான் போவுது."

"எல்லாம் ஒண்ணா வந்தா கலந்துடாதா?"

"கலக்காது. நீ கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள லட்சக்கணக்குல வாங்கி, அதது போவ வேண்டிய இடத்துக்கு அனுப்பிடும்."

பூமிகா தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தச் சதுரத்தைப் பார்த்தாள். அது அவள் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

"இவ்ளோ வேலை செஞ்சா சூடாவும். சூட்டை இழுக்கிற அலுமினியத் தகடு கழண்டு கிடக்கு, பாரு. அதான் நின்னு நின்னு போவுது," என்றாள் ஈஸ்வரி. சிப்செட்டின் மேல் சூட்டைக் கடத்தும் பசை தடவித் தகட்டை அழுத்திப் பொருத்தி, கணினியை ஓடவிட்டாள்.

பூமிகா வெளியே ஓடிப்போய், தட்டும் எழுத்து சிப்செட் வழியாகப் போவதைச் சொல்லிக்கொண்டே ஷைனியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஜெகன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"உன்மேல தப்பு இல்ல, ஷைனி. தெரியாம சொல்லிட்டேன். நீயே தட்டிப் பாரு."

ஷைனி தயங்கித் தயங்கி ஒரு விசையைத் தொட்டாள். திரையில் 'அ' வந்தது.

அதை யாரும் பார்க்கவில்லை. மூன்று தலைகளும் திறந்திருந்த பெட்டிக்குள் குனிந்திருந்தன. தகட்டின் கீழே எதுவும் அசையவில்லை, ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப எழுத்து அது வழியா போச்சா?" என்று கேட்டாள் ஷைனி, மெல்லிய குரலில்.

"போயே சேர்ந்துடுச்சு," என்றாள் பூமிகா.