கடைசி நிமிடப் பாடம்

காலை வகுப்பில் ஜெசிந்தா மின்சாரம் தாக்கி இறந்தாள். உணர்கவசத்தைத் தலையிலிருந்து கழற்றியபோது கடிபட்ட நாக்கில் ரத்தம் கசிந்தது. விரல்கள் கருகிவிட்டனவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

மின்பணியாளர் ஒவ்வொருவரின் பிடரியிலும் இறுதிப்பதிவி என்ற வில்லை பதிக்கப்பட்டிருக்கும். சாகும்போது உடல் பட்டதையும் மனத்தில் ஓடியதையும் அது காத்துவைக்கும். தூத்துக்குடிக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பயிலகத்தில், இறந்தவர்களின் பதிவுகளை அணிந்து, செத்துச் செத்துத்தான் தொழில் கற்றார்கள். சாவுக்குக் காரணமானதை மறுபடி கண்டால், மூளை யோசிக்கும் முன்பே கை அதைத் தடுத்துவிடும். இந்த முறை வந்தபின் துணைமின் நிலையங்களில் விபத்து அரிதாகிவிட்டது. ஆசிரியர்கள் மட்டும் பதிவுகளை அணிந்து சரிபார்ப்பதில்லை. சும்மா ஒருமுறை செத்துப் பார்க்க யாருக்கு ஆசை வரும்?

அன்று வகுப்பு முழுவதும் அணிந்த பதிவு பரமன் என்பவருடையது. வழக்கில் முடங்கிக் கிடந்து அந்த வாரம்தான் வந்திருந்தது. மின்கம்பத்தின் உச்சியில் பரமனாக நின்ற ஜெசிந்தா கீழே பார்த்தாள். ஸ்விட்ச் கைப்பிடியை ஒருவர் பிடித்திருந்தார். வேண்டாம் என்று அவள் கையை உயர்த்தினாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தபடியே கைப்பிடியை மேலே தள்ளினார். மார்புக்குள் இடி இறங்கியது. வேகும் சதையின் வாடை அவளிடமிருந்தே வந்தது.

அந்த முகம் தளவாய் சாருடையது. மின்பணியிலிருந்து மாற்றலாகி வந்து அவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவர்.

பக்கத்து இருக்கை முருகேஸ்வரியும் அதைப் பார்த்திருந்தாள். "ஏட்டி, அவரு பாத்துக்கிட்டேதான போட்டாரு," என்றாள்.

முதல்வரிடம் சொல்வதென்று இருவரும் முடிவு செய்தார்கள். அதற்குள் செய்முறை வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

பட்டறையில் ஜெசிந்தாவின் கையில் மின்காப்புக் கழி இருந்தது. தளவாய் சிரித்தபடி வந்து, இன்றைக்கு யார் மேலே ஏறுவது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கைப்பிடியில் கை வைத்தார்.

ஜெசிந்தா எதையும் நினைக்கவில்லை. கழி அவர் வாயில் விழுந்தது. பற்கள் தரையில் சிதறின. கீழே விழுந்தவர் தலையைக் கைகளால் மூடிக்கொண்டார். அடுத்த அடியில் மணிக்கட்டு முறிந்தது. அதற்குள் வகுப்பு முழுவதும் கிடைத்த கருவிகளோடு பாய்ந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. அவர் அசைவு நின்ற பிறகுதான் முருகேஸ்வரி அழத் தொடங்கினாள்.

அடித்தது மாணவர்கள் அல்ல, பயிற்சிதான் என்று வழக்கறிஞர் வாதாடினார். நீதிபதி ஏற்றுக்கொண்டு எல்லாரையும் விடுவித்தார். ஜெசிந்தா மட்டும் போகாமல் நின்றாள்.

"அவரு ஏன் ஸ்விட்சப் போட்டாருன்னு எனக்குத் தெரியணும் ஐயா. அவரு பதிவ எனக்கு மாட்டுங்க."

மாட்டினார்கள். உடைந்த பற்கள் தொண்டையில் குத்தின. மேலே அவளுடைய முகமே தெரிந்தது, கழி இறங்கியது. அடிகளுக்கு நடுவே தளவாயின் மனம் பழைய நாளுக்கு ஓடியது. கண்ணைக் கூசவைக்கும் வெயிலில், கம்பத்தின் மேலே ஒரு கை உயர்கிறது. வேலை முடிந்துவிட்டது, போடச் சொல்கிறான் பரமன் என்று நினைத்துக் கைப்பிடியைத் தள்ளுகிறார். பிறகு கேட்ட அலறல், சாகும்வரை அவர் காதைவிட்டுப் போகவில்லை.

ஜெசிந்தா கவசத்தைப் பிய்த்தெறிந்து வாந்தி எடுத்தாள். சில வாரங்கள் கழித்துப் பயிலகத்துக்குப் போய், பரமனின் பதிவை அணிகிறவர்கள் எல்லாரும் தளவாயின் பதிவையும் அணிந்தாக வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டாள்.

"அவரக் கொலகாரர்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் இங்கருந்து வெளிய போகக்கூடாது," என்றாள்.

பாடத்திட்டத்தில் சேர்த்தார்கள். ஆண்டுதோறும் மாணவர்கள் தளவாயாகச் செத்தார்கள். அவர் குற்றமற்றவர் என்று அறிந்து அழுதார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் வந்தது.

வெகுகாலம் வேலைக்குப் போகாமல் இருந்தவள், கடைசியில் ஒரு துணைமின் நிலையத்தில் சேர்ந்தாள். முதல்நாள் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, அதே பயிலகத்தில் படித்துவிட்டு வந்து, குனிந்து மரை முடுக்கிக்கொண்டிருந்த ஊழியன் ஒருவன் காலடிச் சத்தம் கேட்டு, "வாங்கக்கா, புதுசா?" என்று சிரித்தபடி நிமிர்ந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமுன் அவளை அவன் நேரில் கண்டதே இல்லை.

கனமான ஸ்பேனரோடு அவன் கை உயர்ந்தது. ஏன் உயர்கிறது என்று விளங்காமல், அவனே அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தான்.