மகாராணியின் வக்கீல்

“இறக்கை கூடினதும் விட்டுடணும், மகாராணி. இது காட்டுப் பறவை. வளர்க்கிற ஜாதி இல்ல.”

“சரிங்க.”

“எதுக்கெடுத்தாலும் சரிங்க! வாயத் தொறந்து எங்கிட்ட ஒண்ணாவது கேட்டிருக்கியா? பரவால்ல, கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு வக்கீலே வீடு தேடி வந்துட்டாரு. இனிமே உனக்காக இவர் பேசுவாரு.”

கப்பலில் மெக்கானிக்காக இருக்கும் கணவன் போன முறை கிளம்பும்போது சொன்னது அது. பால்கனியில் அடிபட்டு விழுந்த அண்டங்காக்கை துண்டுக்குள் சுருண்டு அவன் மடியில் கிடந்தது. அவளும் சிரித்துவைத்தாள். சொல்ல நினைத்தது மட்டும் வழக்கம்போலத் தொண்டையோடு நின்றுவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் பெட்டியை மூடும்போதெல்லாம் அது அங்கேதான் நிற்கிறது.

இன்று சாயங்காலம் அவன் வருகிறான். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

இறக்கை எப்போதோ கூடிவிட்டது. விட மனம் வரவில்லை. முடிச்சை அவிழ்க்கிறது, மூடியைத் திருகுகிறது, அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் நூல்கண்டை உருட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறது. இந்த வீட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேறு யார் இருக்கிறார்கள்? அதனால் இறகு வளர வளர, திரைச்சீலை வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டே வந்தாள். “அசையாம இரு கண்ணு, வலிக்காது” என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சுவாள். பிறகு கண்ணாடி முன் நின்று, கணவனிடம் கேட்க வேண்டியதை உதடு மட்டும் அசைய ஒத்திகை பார்ப்பாள். வக்கீல் தலையைச் சாய்த்து அந்த உதடுகளையே கவனிக்கும். ஒரு நாளும் அவள் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

நறுக்கிய இறக்கையைப் பார்த்தால் அவன் என்ன நினைப்பான் என்று குமைந்துகொண்டே வந்தவள், கூண்டருகில் நின்றாள். கொக்கி கழன்று, கதவு திறந்து கிடந்தது. வக்கீல் உள்ளே, எதுவும் தெரியாததுபோலக் கம்பியில் உட்கார்ந்திருந்தது.

“போக்கிரி!” என்று கொக்கியை மாட்டினாள்.

மிச்சமிருந்த திரையை முடித்துவிடலாம் என்று போனால் கத்தரிக்கோலைக் காணோம். மேஜையடியில், துணி மூட்டைக்குள், அலமாரியில் தேடினாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. புதுத்துணியின் கஞ்சி வாசனையும் மெஷின் எண்ணெயின் நெடியும் மூடிய அறையில் கனத்துக் கிடக்க, மேல்வீட்டுக் குழாய் விட்டுவிட்டுச் சொட்டும் சத்தத்துக்கு இடையில், படுக்கையறையிலிருந்து யாரோ இருமினார்கள்.

அவளுடைய இருமல்.

எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. கட்டிலின் நடுவில் கத்தரிக்கோல், அலகை அகல விரித்தபடி. திரும்பிப் பார்த்தாள். கூண்டு காலி.

காற்று வேண்டும்போல இருந்தது. பால்கனிக்குப் போய்க் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பறவை தப்பிவிடக் கூடாதென்று மூலைமுடுக்கு விடாமல் அவளே அடித்த வலை. கீழே தெரு வெகு ஆழத்தில் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு நகர்ந்தது. தரையோடு இருக்கும் தாழ்ப்பாள் விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப்புறம் வக்கீல். பறக்க முடியாத அது, கோர்ட்டுக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக நடந்தது. திரையின் ஓரத்தை அலகால் கவ்வி இழுத்தது. சத்தத்தை விழுங்கும் கனத்த திரை. அவள் தைத்ததிலேயே உசத்தி. கையகலத்துக்கு இடைவெளி விட்டு நின்றது.

அவள் பார்க்கட்டும் என்று. பிறகு திரும்பி, படுக்கையறைக்குள் நடந்து மறைந்தது.

செல்போன் உள்ளே மெஷின் மேல் இருந்தது.

வாசல் கதவு திறந்தது. பெட்டியை வைக்கும் ஓசை. “மகாராணி! எங்க இருக்க?”

கண்ணாடியை அறைந்தாள். திரை அதை விழுங்கியது. கதவுக்கு மேலே திறந்திருந்த காற்றுத்துளையை அண்ணாந்து பார்த்து, உயிரைக் கூட்டிக் கத்தினாள்.

“க்ராக்.”

வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி முயன்றாள்.

“க்ராக்... க்ராக்...”

உள்ளே அவன் சிரித்தான். “என்ன வக்கீல் சார், இன்னும் விடுதலை கிடைக்கலியா? இருங்க, உங்க மகாராணிகிட்ட பேசிட்டு வர்றேன்.”

“ஏங்க...” படுக்கையறையிலிருந்து குரல். அவள் குரல்! குழைவு, கடைசியில் வரும் அந்த இழுப்பு, எல்லாம். “இங்க வாங்க.”

இடைவெளி வழியே அவன் முகம் தெரிந்தது. களைப்பெல்லாம் போய், புது மாப்பிள்ளை மாதிரி மலர்ந்திருந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

போகாதீங்க.

“க்ராக்.”

உள்ளே போனான். இருட்டில் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

“அசையாம இரு கண்ணு,” என்றது குரல். “வலிக்காது.”

கறுக்.

அவன் கேட்கத் தொடங்கிய எதுவோ பாதியில் நின்றது.

கறுக். கறுக்.

கதவிடுக்கின் வழியே ஏதோ வெளியே வந்து கூடத்துத் தரையில் மெல்லப் பரவியது. பிறகு, இத்தனை வருஷமாக அவள் தொண்டையில் நின்றது, ஒரு சொல் பிசகாமல் கேட்டது.

“இந்தத் தடவை போகாதீங்க. எங்கூடவே இருந்துடுங்க.”