தட்டினால் எரியும் விளக்கு

பாஸிலாவுக்குக் காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துப் பேசுவாள். தையல் மிஷினை வெயிலடிக்கும் வாசலிலேயே போட்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்தால், துணி கொண்டுவருகிறவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு வேறு தையல்காரரிடம் போய்விடுவார்கள். பக்ரீத் நெருங்க, வேலையும் கூடியது, தலைவலியும் கூடியது.

அவளை 'லாத்தா' என்று கூப்பிடும் தங்கை தஹ்சீனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெல் அடித்தால் மிஷின் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும். அப்போது லாத்தா நிழலில் உட்கார்ந்து தைக்கலாம். பள்ளியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றிருந்ததால், அதன்படி விளக்கை இயக்க ஒரு எலக்ட்ரானிக் போர்டு வாங்கினால் போதும்.

கடைக்காரர் அமலன் இரண்டு போர்டுகளைக் காட்டினார். ஒன்று பெரியது. வைஃபை உண்டு, போனுக்குச் செய்தியும் அனுப்பும். மற்றது தீப்பெட்டி அளவுதான், விலையும் குறைவு. தஹ்சீனின் மனம் பெரியதில் ஒட்டிக்கொண்டது. வகுப்பே வாயைப் பிளக்குமே! ஆனால் உண்டியல் காசு முழுவதும் அதற்கே போய்விடும். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை வாசலைக் கவனித்தாள். வந்தவர்களில் ஒருவர்கூடப் பெல்லைத் தேடவில்லை. ஒருவர் கதவைத் தட்டினார், இன்னொருவர் நாதாங்கியை ஆட்டினார். யோசித்துப் பார்த்தால், தஹ்சீனே பெல்லைத் தொட்டதில்லை. லாத்தாவின் போனோ எப்போதும் துணிக் குவியலுக்கு அடியில்தான் கிடக்கும்.

மறுநாள் சின்னப் போர்டை எடுத்தாள். மிச்சக் காசில் அதிர்வை உணரும் ஒரு வில்லையும் வயரும் மஞ்சள் விளக்கும் வாங்கினாள்.

"பெருசு வேணாமா பாப்பா?" என்றார் அமலன்.

"எங்க தெருவுல யாரும் பெல் அடிக்க மாட்டாங்கண்ணே. கதவைத்தான் தட்டுவாங்க. அதுக்கு இது போதும்."

வில்லையைக் கதவில் ஒட்டினாள். முதலில் தெருவில் பைக் போனால்கூட விளக்கு எரிந்தது. லேசான அதிர்வை விட்டுவிடும்படி புரோகிராமை மாற்றினாள். ஒருமுறை தட்டினாலும், லாத்தா நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குக் கொஞ்ச நேரம் விளக்கு மின்ன வேண்டும் என்று அதையும் எழுதினாள். மிஷின் உள்ளறைக்குப் போனது.

செத்த நேரத்தில் விளக்கு மின்னியது. தஹ்சீன் எழுந்தாள். பாஸிலா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, தானே போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டார் அய்யலூர்ச் சந்தையில் வாங்கிவந்த ஆடு, கதவில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

தஹ்சீனின் முகம் வாடியது. இம்புட்டு வேலையும் வீணா?

பாஸிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஆடு வந்தாக்கூட எனக்குத் தெரியுது பாரு, தஹ்சீன்."