வெற்றோலை

காவிரிக்கரை நகரங்களில் அந்நாளில் விடியலைச் சேவலும் அறிவிப்பதில்லை, அலாரமும் அறிவிப்பதில்லை. அவரவர் குறித்து வைத்த வேளையில், அவரவர் வீட்டுக்கென்றே யாத்த ஒரு துயிலெழுப்புப் பாடலைப் பாடல்பொறி பாடும். நேற்றுப் பாடியது இன்று வராது. முந்தைய நாள் முழங்கால் வலியும், மாடியில் காயப்போட்டு நனைந்த வடகமும், மகள் வருவதாகச் சொன்ன செய்தியும் அப்பாடலில் இடம்பெறும். முதலில் ஒரு மணியொலி. பின் ஆறடிப் பாட்டு. கேட்டவர் "எழுந்தேன்" என்று மறுமொழி சொன்னால், கும்பகோணத்துக் கண்காணிப்புக் கூடத்தின் பணிப்பலகையில் அவ்வீட்டு விளக்கு பச்சையாகும். அரை மணிக்குள் சொல்லாவிட்டால் சிவக்கும். சிவந்த வீட்டுக்கு ஆள் போகும். தனித்து வாழ்வோர் பெருகிவிட்ட காலம் அது. ஒருவர் இறந்து பல நாள் கழித்து அண்டை வீட்டார் அறியும் கொடுமையை இவ்வேற்பாடு அடியோடு ஒழித்திருந்தது.

பதினோராயிரம் வீடுகளின் காலக்கட்டளைகள் நப்பின்னையின் பொறுப்பு. பொறி யாப்பதும் பாடுவதும் தானே நடக்கும். உரிய வேளையில் நடந்ததா என்று பார்ப்பது மட்டுமே மனிதரின் வேலை. கூடத்தில் நுழைந்ததும் இறைவனை நினைந்து ஒரு கணம் கண்மூடி, பிறகே பலகையைப் பார்ப்பது அவள் வழக்கம்.

"அக்கா, உங்க தோட்டத்துல ஒரு செம்பருத்தி பூத்திருக்கு பாருங்க," என்றான் பக்கத்து இருக்கைச் சாதிக், அவள் பலகையில் சிவந்திருந்த ஒரு விளக்கைக் காட்டி.

"உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். யாரு வீடு?"

"உலகநாதன். மடத்துத் தெரு, மூணாவது மாடி. போன்ல கூப்பிட்டேன், எடுக்கல."

ஆளை அனுப்பும்முன் அவள் அவ்வீட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். கடந்த நாற்பத்தொரு நாளும் காலை ஐந்து மணிக்குப் பணி முடிந்ததாகவே குறிப்பு. நாற்பது நாள் "எழுந்தேன்" என்ற மறுமொழியும் இருந்தது. ஆனால் பாடலின் நீளம் என்ற கட்டத்தில், நாற்பத்தொரு நாளும் சுழியம்.

அந்தச் சுழியத்தை வைத்தவள் அவளேதான்.

சாவு நேர்ந்த வீட்டில் பதினாறு நாள் பாட்டொலி கூடாது. கட்டளையை நிறுத்தினாலோ விளக்கு சிவந்து, அழுதுகொண்டிருக்கும் வீட்டுக் கதவை ஆள் போய்த் தட்டுவார். எனவே கண்காணிப்போர் தமக்குள் ஒரு வழி வைத்திருந்தனர். எந்த விதிநூலிலும் அது இல்லை. பாட்டுக்குப் பதிலாக எழுத்தில்லாத ஏடு ஒன்றைப் பொறியில் இடுவார்கள். மணி மட்டும் ஒலிக்கும். வீட்டார் "எழுந்தேன்" என்றால் போதும், விளக்கு பச்சையாகவே இருக்கும். அதற்கு வெற்றோலை என்று பெயர். பதினேழாம் நாள் வைத்தவரே எடுத்துவிட வேண்டும். உலகநாதனின் மனைவி செங்கமலம் இறந்த அன்று வைத்த ஓலையை நப்பின்னை எடுக்க மறந்தாள். பச்சை விளக்கை யார் திறந்து பார்ப்பார்கள்?

"ஆள் வேண்டாம் சாதிக். நான் போறேன்."

மூன்று மாடியும் அவள் ஏறிய வேகத்தில் மூச்சு இரைத்தது. "பெருமானே, கதவு திறக்கட்டும்," என்பதே அவள் வேண்டுதல். இரண்டாம் முறை தட்டியபோது கதவு திறந்தது. வாராத தலையும் பல நாள் தாடியுமாக உலகநாதன் நின்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரும்மா நீங்க?"

"பாட்டுக் கூடத்துலேர்ந்து வர்றேங்கய்யா. காலைல பதில் வரல. போனும் எடுக்கல."

"அடடே, ஆள் வருதே!" என்று அவர் வியந்தார். "உக்காருங்க. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. முழிச்சுத்தான் கெடந்தேன். தெனமும் மணி அடிக்கும், எழுந்தேன்னு சொல்வேன். இன்னைக்கு, யாருக்குச் சொல்றோம்னு தோணிச்சு. சொல்லல."

"பாட்டு வரலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேய்யா."

"எங்க ரெண்டு பேர் பேரையும் சேத்துப் பாடிட்டிருந்த பாட்டு. அவ போயிட்டா. பொண்டாட்டி போனவனுக்குப் பாட்டு கெடையாது போலன்னு நெனச்சுக்கிட்டேன். எல்லா வீட்லயும் அப்படித்தான்னு."

நப்பின்னையால் இருக்கையில் இருக்க முடியவில்லை. எழுந்து கைகூப்பி நின்றாள். ஓலை வைத்ததையும் எடுக்க மறந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "தப்பு பொறியோடது இல்லய்யா. என்னோடது."

அவர் சன்னலோரம் போய் நின்றார்.

"அப்ப நான் சொன்னத இத்தன நாளா யாருமே கேக்கல."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒரு வெளக்கு எரியும். அவ்வளவுதான்."

"நல்லவேள, உண்மையச் சொன்னீங்க," என்றவர் திரும்பினார். "என்ன மாதிரி எத்தன பேரும்மா?"

அக்கேள்வி அவளுக்கு அதுவரை எழவே இல்லை. கைத்திரையில் சாதிக்கை அழைத்து, பதினாறு நாள் கடந்த வெற்றோலைகளை எல்லாக் கண்காணிப்பாளர் பலகைகளிலும் தேடச் சொன்னாள். விடை வந்தபோது அவன் குரலில் கேலி இல்லை. "அறுபத்துமூணு, அக்கா. அதுல ஒம்பது நான் வச்சது. ஒரு வீட்டுல ஏழு மாசம்."

"ஒரே கட்டளைதான்யா," என்றாள் அவள் உலகநாதனிடம். "நாளைக்குக் காலைல அத்தன வீட்லயும் பாட்டு வந்துடும்."

"இன்னைக்கு?"

அவள் கைத்திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

"திடீர்னு நாளைக்குப் பாட்டு வந்தா, நடுவுல ஏன் வரலன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? ஏதோ பாவம் பண்ணோம், இப்ப மன்னிச்சுட்டாங்கன்னு நெனப்பாங்க. நான் அப்படித்தான் நெனச்சிருப்பேன்."

அவள் தலைகுனிந்தாள். "நான் ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுச் சொல்றேன்."

"அறுபத்துரெண்டு பேரையும் நீங்க ஒருத்தியா? பொழுது சாஞ்சிடும்." அவர் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் துடைத்தபடியே எதிரில் அமர்ந்து கையை நீட்டினார். "பாதிப் பட்டியல எங்கிட்டக் குடுங்க."

"விதிப்படி வெளியாள்—"

"வெற்றோலை மட்டும் எந்த விதியில இருந்துச்சாம்?"

நப்பின்னைக்கு அழுகையும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. ஏழு மாத வீட்டின் எண்ணை முதலில் காட்டினாள். உலகநாதன் தொண்டையைச் செருமி, எதிர்முனை எடுக்கும்வரை பொறுத்திருந்தார்.

"வணக்கம். என் பேரு உலகநாதன், மடத்துத் தெரு. வீட்ல யாரு போயிட்டாங்க உங்களுக்கு? … ம். … தம்பியா. எனக்குச் சம்சாரம். அதுக்கப்புறம் காலைல பாட்டு வரல, இல்லையா? எனக்கும் வரலங்க. நம்ம மேல ஒரு குத்தமும் இல்ல. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."