லேமினேட் செய்யப்பட்ட நன்னடத்தை

முதல் சந்திப்பு என்றால் மழை பெய்ய வேண்டும். ஆகஸ்டு மாதத் தூத்துக்குடியில் மழைக்கு எங்கே போவது... உப்பளங்களின் மேல் உருண்டுவந்த காற்றுதான் கிடைத்தது. அந்தக் காற்றில் ஓடப் பார்த்த துப்பட்டாவை ஒரு கையால் பிடித்தபடி, மறு கையால் அவள் எதையோ மேசைமேல் அறைந்தாள்.

சடார்.

காகிதம் இப்படிச் சத்தம் போடுமா... ராஜபாண்டி குனிந்து பார்த்தான். மாற்றுச் சான்றிதழ். அவள் பி.காம். முடித்த கல்லூரி கொடுத்த அசல் டி.சி. முன்னும் பின்னும் கனத்த பிளாஸ்டிக்குக்குள் மீன் தொட்டிபோலப் பளபளத்துக்கொண்டு கிடந்தது.

"இப்படிப் பண்ணச் சொன்னவன் யாரு?"

நிமிர்ந்தான். இரண்டு கண்கள். பாகு பதம் வருகிற நேரத்துக் கருப்பட்டி நிறம்... உள்ளே கொதிப்பு. ராஜபாண்டிக்கு ஒரே நொடியில் இரண்டு அதிர்ச்சி. இப்படியும் கண்கள் இருக்குமா என்பது ஒன்று. அப்படிப் பண்ணச் சொன்னவன் தானே என்பது இன்னொன்று.

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ராஜபாண்டியின் முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அவன் அம்மாவே, அவன் காலையில் சொன்ன ஜோக்குக்குச் சாயங்காலம் விளக்கேற்றும்போதுதான் சிரிப்பாள். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு வரை அந்த முகத்தை வைத்தே வந்துவிட்டான். புது மாணவர்கள் சேர வரும் நாளில் வராந்தாவில் 'உதவி மேசை' போட்டு அவனை உட்காரவைத்ததும் அந்த முகத்துக்காகத்தான். பொறுப்பான பையன் மாதிரி இருக்குமாம்.

ஜூலையில் ஒருநாள் மில்லர்புரத்து அறையில் கரண்ட் போன நேரத்தில், 'வகுப்பு தொடங்கும் முன் புது மாணவர் செய்ய வேண்டிய பத்து' என்று எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான். மேலே கல்லூரியின் பெயர். கீழே யார் பெயரும் இல்லை. ஒன்பது விஷயம் சத்தியமான விஷயம். தடித்த கைடு வாங்காதே, சட்டத்தின் மூலத்தை வாங்கு. முதலாண்டில் கறுப்புக் கோட்டு தைக்காதே, அதற்குள் இடுப்பு மாறிவிடும். பைக்கில் வக்கீல் ஸ்டிக்கர் ஒட்டாதே. சேருமுன் ஒருநாள் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய்ச் சும்மா உட்கார்ந்து பார். இப்படி.

ஏழாவதுதான் விஷமம்.

"ஏழாம் நம்பரப் படிங்க அண்ணாச்சி," என்று போனை நீட்டினாள் அவள்.

அண்ணாச்சி... மூன்றாவது அதிர்ச்சி. அவனுக்கு இருபத்துமூன்று வயதுதான். தான் எழுதியதைத் தானே வாசித்தான்.

'தூத்துக்குடி உப்புக் காற்று அசல் சான்றிதழ்களை ஆறே மாதத்தில் அரித்துவிடும். எனவே அனைத்தையும் கனமான உறையில் லேமினேட் செய்துகொண்டு வரவும். அலுவலகத்தில் மிகவும் மகிழ்வார்கள்.'

"இத... ஒரு ஜோக்கா எழுதியிருப்பானோ?" என்றான் மெதுவாக.

"இதுல எங்கன ஜோக் இருக்கு? எங்க அப்பா இத ரெண்டு தடவ படிச்சாரு. உடன்குடியில கருப்பட்டிக் கடை. ஒருநாள் கடையச் சாத்தமாட்டாரு. இதுக்காகச் சாத்திட்டு, டி.சி.ய மடியில வச்சுக்கிட்டு பஸ்ல போய் டபுள் கோட்டிங் போட்டுட்டு வந்தாரு. அதோட விட்டாரா... நல்லாருக்கேன்னு கடை விலைப்பட்டியலையும் போட்டுட்டாரு. இப்ப விலை ஏறுனா மாத்த முடியல."

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

பெயர் அருணாசலவடிவு. வீட்டில் வடிவு. மூன்று வருட எல்எல்.பி.க்கு இடம் கிடைத்து, அசல் சான்றிதழ்களைக் கொடுக்கக் கடைசி நாளில் வந்திருக்கிறாள். கவுண்டரில் டி.சி.யை வாங்க மறுத்துவிட்டதால், ராஜபாண்டி அவளை உள்ளே கூட்டிப்போனான். அலுவலகக் கண்காணிப்பாளர் செல்வராணி மேடம் அந்த டி.சி.யைத் தட்டிப் பார்த்தார். நகம் பட்டு டக் டக் என்றது.

"இதுமேல அட்மிஷன் நம்பர் எழுதி சீல் வைக்கணும்மா. பிளாஸ்டிக்ல மை நிக்குமா? பழைய காலேஜ்ல போயி வேற டி.சி. வாங்கிட்டு வா."

"போன்ல கேட்டுட்டேன் மேடம். அவங்க ஒரு வாரம் ஆகும்ங்காங்க."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடணும். தவறுனா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்." மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே ஒரு வழி இருக்கு. நம்ம காலேஜ் பேரப் போட்டு எவனோ அனுப்புனதாலதான இது ஆச்சு... அவன் நாந்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, தப்பு நம்ம பக்கம்னு பிரின்சிபால் ஒரு வாரம் டைம் குடுக்கலாம். ஒரு மாசமா அவனத் தேடிட்டிருக்காரு. கெடச்சா அவன் தொலைஞ்சான்."

"கெடச்சா நானும் சும்மா விடமாட்டேன் மேடம்," என்றாள் வடிவு.

வாசலில் நின்ற ராஜபாண்டி தன் செருப்பைப் பார்த்தான். அடுத்த மாதம் சென்னையில் மாதிரி நீதிமன்றப் போட்டி. கல்லூரிக்காக வாதாடப் போகும் முதல் ஆள் அவன். இரண்டு வருடமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிய வாதம்... ஒரு கையெழுத்தில் போய்விடும்.

வெளியே வந்ததும் தொண்டையைச் செருமினான். "டி.சி. தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல ஒரு புகார் எழுதிக் குடுத்தா... அந்த ரசீதக் காட்டி மேடத்துகிட்ட டைம் கேட்டுப் பாக்கலாம்."

அவள் நின்றாள். கையிலிருந்த டி.சி.யைத் தூக்கிக் காட்டினாள். வெயில் பட்டு அது அவன் கண்ணில் அடித்தது.

"இது தொலைஞ்சிருச்சா?"

கண் கூச, அவன் ஓரடி தள்ளி நின்றான்.

"நீங்க எந்த இயர்?"

"தேர்ட் இயர்."

"ரெண்டு வருசம் சட்டம் படிச்சு இதான் வந்துச்சா? வக்கீலுக்குப் படிக்கப் போறவ, பொய்ப் புகார் குடுத்தா சேரணும்?"

இதுவரை யாரும் அவனை ஒரே கேள்வியில் இப்படி உட்காரவைத்ததில்லை. எதிர்க்கட்சி வக்கீலாக இவள் வந்தால்... நினைக்கவே வியர்த்தது. கூடவே, நினைக்க நன்றாகவும் இருந்தது.

"வாங்க, உரிச்சுப் பாப்போம்," என்றான்.

கோர்ட்டுக்கு எதிரே பர்னபாஸ் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடை. அவர் இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்து, டி.சி.மேல் துணி போட்டு, சவரப் பிளேடால் ஓரத்தை நெம்பினார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கடையை அதிரவைத்துக்கொண்டு ஓடின. ஒவ்வொரு லாரிக்கும் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள்.

"ஏலே ராஜா, ஃபேன நிப்பாட்டு. வருதுலே... வருது..."

வந்தது. அடி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக் எழும்பியது. அதோடு எழுத்தும் எழும்பியது. 'குணமும் நடத்தையும்' என்பது காகிதத்தில் இருந்தது. அதற்கு நேரே இருந்த 'நன்று' மட்டும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காற்றில் ஆடியது.

மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அண்ணாச்சி," என்றாள் வடிவு, கொஞ்சமும் முகம் மாறாமல். "என் நடத்தை போச்சு."

"போகல தாயி. இந்தா, இங்கனதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

ராஜபாண்டி அவளையே பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிப்பில்லை, அழுகையில்லை... ஆனால் அவள் சொன்னது ஜோக். உயிர் போகிற நேரத்தில், கல்போல நின்று, சொந்த நடத்தையை வைத்து ஒரு ஜோக். உலகத்தில் தன்னைப்போல் இன்னொரு முகம் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. அதுவும் இவ்வளவு அழகாக...

அப்புறம்தான் அந்தக் கண்களின் ஓரம் நனைவதைக் கண்டான்.

பக்கத்துக் கடையில் இரண்டு நன்னாரி சர்பத் சொன்னான். மணி மூன்றரை. அவள் குடிக்கவில்லை. கண்ணாடித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பத்துல நாலாவது இருக்குல்ல... கோர்ட்ல போய்க் கடைசி பெஞ்சில உக்காருன்னு. அதையும் செஞ்சேன். திருச்செந்தூர் கோர்ட்டுல ஒரு மீன்காரரு. கூப்பிட்டாங்க, போய் நின்னாரு, ஒரு நிமிசத்துல போகச் சொல்லிட்டாங்க. வெளிய வந்து முழிக்காரு. எதுக்கு அனுப்புனாங்க, திரும்ப எப்ப வரணும்... ஒருத்தரும் சொல்லல. நான் உள்ள போய்க் கேட்டு, அடுத்த தேதிய ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். அத அவரு மடிச்சு மடிச்சுச் சட்டைப்பையில வச்சாரு பாருங்க..." தம்ளர் நின்றது. "அதுவரைக்கும் சும்மாதான் அப்ளிகேசன் போட்டிருந்தேன். அன்னைக்குத்தான் இந்த சீட்டு வேணும்னு தோணுச்சு. அந்த நாலாவத எழுதினவன் நல்லவனாத்தான் இருக்கணும். அவன் எதுக்கு ஏழாவத எழுதுனான்னுதான் எனக்குப் புரியல."

சர்பத்தில் மிதந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. ராஜபாண்டிக்கு நெஞ்சுக்குள் அதே மாதிரி ஏதோ...

"நாந்தான் எழுதுனேன்," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இந்த நேரத்துல ஜோக் வேண்டாம் அண்ணாச்சி."

"ஜோக் இல்ல. நாலாவதும் நாந்தான். ஏழாவதும் நாந்தான்."

அவள் அவன் முகத்தில் தேடினாள். இடது கன்னம், வலது கன்னம், புருவம். எங்கும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகத் தன் முகத்தின்மேல் அவனுக்கே கோபம் வந்தது. போனைத் திறந்து ஜூலை மாதத்து வரைவைக் காட்டினான். அடித்துத் திருத்தியது எல்லாம் அதில் இருந்தது.

அவள் வெகுநேரம் படித்தாள். பிறகு தம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். சத்தமே இல்லாமல். காலையில் மேசையில் அறைந்ததே தேவலாம் என்றிருந்தது அவனுக்கு.

"ஆபீஸ் அஞ்சு மணி வரைக்கும் தெறந்திருக்கும்," என்றாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?"

டி.சி.யை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

நாலே முக்காலுக்கு ராஜபாண்டி செல்வராணி மேடத்தின் மேசைமேல் ஒரு முழுத்தாள் கடிதத்தை வைத்தான். மேடம் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"நீயாலே... உன்னப்போயி உதவி மேசையில உக்கார வச்சோமே." மூன்றாம் வாசிப்பில் விரல் ஓரிடத்தில் நின்றது. "சரி, இந்த நாலாவது பாரா பிரின்சிபாலுக்கா, அந்தப் பிள்ளைக்கா?"

"அது... உண்மை விவரம் மேடம்."

பிரின்சிபால் அதிகம் பேசவில்லை. அருணாசலவடிவுக்கு ஒரு வாரம். ராஜபாண்டிக்குச் சென்னைப் போட்டி கிடையாது. வகுப்பு தொடங்கும்வரை தினமும் அதே உதவி மேசை. சரியான பத்தையும் திரும்ப எழுதி, அடியில் பெயர் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

ஒட்டினான். ஏழாவது: 'அசல் எதையும் லேமினேட் செய்யாதே. அட்டை ஃபைலில் வை, மூன்று நகல் எடு. சந்தேகம் என்றால் வாட்ஸ்அப்பைக் கேட்காதே, அலுவலகத்தைக் கேள்.' கீழே அவன் முழுப்பெயர். கடந்து போனவர்கள் படித்துவிட்டு, இதுவும் கிண்டலோ என்று அவன் முகத்தைப் பார்த்தார்கள்.

வடிவு வரவில்லை. மறுநாளும் இல்லை... அதற்கடுத்த நாளும் இல்லை. மேசைக்கு வந்த ஒவ்வொரு துப்பட்டாவுக்கும் அவன் நிமிர்ந்தான். நிமிர்ந்து நிமிர்ந்து கழுத்து வலித்தது.

ஏழாம் நாள் நடக்கக் கூடாத ஒன்று நடந்தது. பருவம் தப்பி ஒரு தூறல். உப்பளத்துக்காரர்கள் அத்தனை பேரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வராந்தாவில் ஒருத்தி தலையைத் துவட்டியபடி ஏறி வந்தாள்.

புது டி.சி. மேசைமேல் வந்தது. வெறும் காகிதம், அட்டை ஃபைலுக்குள். நடத்தை: நன்று.

"திரும்பக் கெடச்சிருச்சு," என்றாள் முகம் மாறாமல்.

அவள் பையிலிருந்து பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான் ஒன்றை எடுத்து வைத்தாள். கருப்பட்டி வாசம். "அப்பா குடுத்துவிட்டாரு. கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டவன் எவனோ, அவனுக்குன்னு. விலைப்பட்டியலுக்கு மட்டும் இன்னும் கோவமாத்தான் இருக்காரு."

அப்புறம் கடைசியாக ஒன்று.

சடார்.

லேமினேட் செய்த தாள். கனமான உறை, டபுள் கோட்டிங். குனிந்து பார்த்தவனுக்கு ரத்தம் காதுக்கு ஏறியது. அவன் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல்.

"ஒரு வாரம் கெடச்சிருக்குன்னு மேடந்தான் போன் பண்ணாங்க. எதுக்குன்னு கேட்டேன், இத போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. நான் பிரிண்ட் எடுத்தேன்." விரலால் நாலாவது பாராவைத் தொட்டு, கோர்ட்டில் வாசிப்பதுபோல் வாசித்தாள். "'அருணாசலவடிவு இந்த வகுப்பில் இருக்க வேண்டும். பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தவர் அவர். அவர் என் மேசையை அறைந்த நேரம் முதல் எனக்கு வேறு நினைவு ஓடவில்லை என்பதையும் உண்மை விவரமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

தூறல் கொஞ்சம் வலுத்தது.

"இது நாலாவது மாதிரியா... ஏழாவது மாதிரியா?" என்றாள். குரல் மட்டும் லேசாக ஆடியது. "உங்க மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியமாட்டேங்கு. நானும் ஏழு நாளா ரோசிச்சுப் பாத்துட்டேன்."

"நாலாவது," என்றான் ராஜபாண்டி. அதற்குமேல் சொல்லத்தான் நினைத்தான். உதடு கோணியது. கண் கலங்கியது. இருபத்துமூன்று வருடம் கட்டிக் காத்த முகம், நடு வராந்தாவில், எல்லோரும் பார்க்க, கலைந்தே போயிற்று.

அவள் அதை முழுவதும் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"இப்பத் தெரியுது." சொல்லிவிட்டு ஃபைலை எடுத்துக்கொண்டு அலுவலகம் பக்கம் திரும்பினாள். "பின்பக்கம் படிங்க, ராஜபாண்டி."

இந்தத் தடவை 'அண்ணாச்சி' இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவே சிறிது நேரம் பிடித்தது. பிறகு தாளைத் திருப்பினான்.

நீல மை. உறைக்குள் பத்திரமாக, இனி உப்புக் காற்றும் தொடாதபடி, யாரும் அடிக்கவோ திருத்தவோ முடியாதபடி...

'படித்தேன். எனக்கும் அப்படியே. இப்படிக்கு, சு. அருணாசலவடிவு.'