நிற்கிற சிஸ்டர்

ஒரு மாத விடுப்பு முடிந்து, பிற்பகல் இரண்டு மணிக்குத் தலைமை நர்ஸ் வார்டுக்குத் திரும்பியபோது, எல்லாம் அவள் விட்டுச் சென்றபடியே இருந்தன. பன்னிரண்டு கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு பச்சைத் திரை, திரைக்குள் ஓர் இரும்பு ஸ்டூல். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மற்ற வார்டுகள் கைவிரித்தவர்கள் வந்து சேரும் இடம் அது. அங்கே யாரும் ஓடுவதில்லை. யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஆகையால், குழாயில் சொட்டும் நீர்கூட அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை கேட்கும்.

முட்டிவலி என்று எழுதிக் கொடுத்துத்தான் அவள் விடுப்பு எடுத்திருந்தாள். முட்டியில் எந்த வலியும் இல்லை.

அவளுக்கு அங்கே 'ரூல்தடி' என்று ஒரு பெயர் உண்டு. விரிப்பின் மடிப்பு ஒரு விரல் விலகினாலும் பிரித்துப் போடச் சொல்வாள். இருபத்திரண்டு வருடங்களில் அவள் கையொப்பமிட்ட பதிவேட்டில் ஒரு கட்டமும் காலியாக இருந்ததில்லை. அந்தப் பெருமையே அவளைத் தலைகுனிய வைத்திருந்தது என்பது அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சின்ன சிஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் நர்ஸ், கட்டில் கட்டிலாகப் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டே வந்தாள். ஏழாம் கட்டிலுக்கு முன் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழுல ஃபார்ம் பாக்கி இல்ல சிஸ்டர். நீங்கதான் பேசிட்டீங்களே."

"நான் இன்னிக்குத்தானே வரேன்?"

"அதான் எனக்கும் புரியல. இந்த மாசத்துல அந்தக் கட்டிலுக்கு இது மூணாவது ஆளு. நான் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டா, 'ஒருத்தங்க வந்து உக்காந்து எல்லாம் கேட்டுட்டாங்களேம்மா'ங்கறாங்க. மூணு பேருமே அதையேதான் சொன்னாங்க. நம்ம ரூல்தடி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்கதான் லீவுலயும் மனசு கேக்காம வந்துட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்."

அந்த வார்டுக்கென்று ஒரு படிவம் இருந்தது. ஏழு கேள்விகள். கடைசி நாள்களை எங்கே கழிக்க விரும்புகிறீர்கள், மூச்சு நின்றால் இயந்திரம் வைக்கலாமா, அந்த வேளையில் யார் உடன் இருக்க வேண்டும், யாரை எப்போது எழுப்பிச் சொல்ல வேண்டும், அதன்பின் உடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் மனிதர்கள் வீட்டில் கேட்கத் துணியாதவற்றை அந்தத் தாள் கேட்டது. நின்றுகொண்டு கேட்டால் ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள் என்பது பெரிய டாக்டரின் கொள்கை. அதற்காகவே ஸ்டூல்கள். அதற்காகவே படிவத்தின் அடியில், கையொப்பத்துக்கு மேல், ஒரு வாக்கியம் அச்சிடப்பட்டிருந்தது: 'மேற்கண்ட யாவும் நோயாளியின் அருகில் அமர்ந்து பேசப்பட்டன.'

அவள் அந்த மூன்று படிவங்களையும் எடுத்துப் பார்த்தாள். நோயாளிகள் சொன்ன பதில்கள் சின்ன சிஸ்டரின் கோழிக்கிறுக்கலில் இருந்தன. மூன்றிலும் நான்காம் கேள்வியின் ஓரத்தில், மிளகளவு வட்டமாக ஒரு துளை.

அது கோப்பில் கோக்கும் துளை அன்று.

அந்தத் துளை அவளுக்குத் தெரியும்.

அவள் விடுப்பில் போவதற்கு முந்தைய வாரம் ஏழாம் கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும், டிக்கெட்டில் துளையிடும் பழைய 'பஞ்ச்' கருவியைக் கையை விட்டுக் கீழே வைக்கமாட்டார். போர்வைக்குள் அது எந்நேரமும் 'டிக், டிக்' என்றுகொண்டிருக்கும். பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரை வந்தால், "டிக்கெட் வாங்காதவங்க வாங்கிக்குங்க" என்பார். வலி மிகும்போது மட்டும் அந்தக் கருவியின் ஓசை விரைவாகும். இரவில் குடும்பத்தார் வார்டுக்குள் தங்கக் கூடாது என்பதால், அவருடைய மனைவி வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் படுத்துக்கொள்வாள்.

அந்த வாரத்தில் மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருவதாகச் செய்தி வந்தது. பன்னிரண்டு படிவங்களில் பதினொன்று முடிந்திருந்தன. மதியத்தில் அவள் ஏழாம் கட்டிலைக் கடந்தபோது கண்டக்டர் ஸ்டூலைத் தட்டிக் காட்டினார்.

"சீட்டு காலியாத்தான் இருக்கு சிஸ்டர். கொஞ்சம் உக்காருங்களேன்."

அப்புறம் வருகிறேன் என்றாள். போகவில்லை. நர்ஸ்களின் மேஜையருகே நின்றபடியே ஏழு கேள்விகளுக்கும் அவளே பதில் எழுதினாள். மற்றவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே, இவரும் அதைத்தானே சொல்லப்போகிறார் என்று எண்ணினாள். நான்காம் கேள்விக்கு, 'மனைவியை இரவில் எழுப்ப வேண்டாம்' என்று எழுதி, அமர்ந்து பேசப்பட்டன என்ற வாக்கியத்தின் கீழ்க் கையொப்பமிட்டாள். சோதனைக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன் கண்டக்டர் இறந்தார். இரவுப் பணியில் இருந்த நர்ஸ் படிவத்தைப் பார்த்தாள். அதில் உள்ளபடி நடந்துகொண்டாள். ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்கில் காபியோடு உள்ளே வந்த மனைவி, மூடிய திரையைத்தான் கண்டாள். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டபோது, பணிக்கு வந்த தலைமை நர்ஸ் படிவத்தைக் காட்டி, "அவரே அப்படித்தான் சொல்லியிருந்தாரும்மா" என்றாள்.

அந்தப் பெண் அழவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினாள். திருகி முடிந்த பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

அதற்கு மறுநாள்தான் தலைமை நர்ஸுக்கு முட்டிவலி வந்தது.

மூன்று மணிக்கு வார்டு அடங்கியது. அவள் புதிய படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குச் சென்றாள். வெயில் சன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. திரைக்குள் மட்டும் மழைக்கால பஸ்ஸின் உள்வாசம்போல் டீசலும் ஈரத்தோலும் கலந்த ஒரு வாடை அடித்தது. கட்டிலில் இருந்தவள் ஒரு தையல்காரம்மா. கண்ணாடியின் காலைத் தையல் நூலால் கட்டியிருந்தாள். அவள் நர்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள்.

"நீங்கதான் நிக்கிற சிஸ்டரா?"

அவள் திரையை இழுத்து மூடினாள்.

"யாரு சொன்னாங்க அப்படி?"

"அவருதான். இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. 'நிக்கிற சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க, அவங்க கேக்க மாட்டாங்க, அதனால நான் கேட்டுக்கறேன்'னாரு. சிரிக்க சிரிக்கப் பேசினாரு. நான் போற நேரத்துல என் தங்கச்சி கையைப் பிடிச்சுக்கணும்னு சொன்னேன். என் பெத்த பிள்ளைங்ககிட்டயே அதைச் சொன்னதில்ல." தையல்காரம்மா மூச்சு வாங்கினாள். பிறகு இன்னும் மெல்லிய குரலில் சொன்னாள். "பாவம், அவரை மட்டும் யாரும் கேக்கலையாம். 'தூங்கிட்டு வந்தவங்க எத்தனையோ பேரை ஸ்டாப் வந்ததும் எழுப்பி விட்டிருக்கேன். என் வீட்டுக்காரியை எழுப்பி விடத்தான் ஒருத்தருமில்ல'ன்னாரு."

நர்ஸ் ஸ்டூலைப் பற்றினாள்.

இரும்பு சூடாக இருந்தது.

வெயில் அங்கே விழுவதில்லை.

டிக்.

காதுக்கு மிக அருகில்.

அவள் நடந்தாளா, ஓடினாளா என்பது அவளுக்கே தெரியாது. பதிவேட்டு அறையின் அலமாரியைத் திறந்து கண்டக்டரின் படிவத்தை உருவியபோது, அவள் நெஞ்சில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: அதைக் கிழித்துவிட வேண்டும். கிழித்துவிட்டால் கேட்பாரில்லை. இரண்டு விரல்களால் அதன் விளிம்பைப் பற்றிய பிறகுதான் வெளிச்சம் தாளை ஊடுருவி வருவதைக் கண்டாள்.

'மனைவியை இரவில் எழுப்ப' என்பது வரை அவளுடைய அச்சுப் போன்ற கையெழுத்து அப்படியே இருந்தது. 'வேண்டாம்' என்ற சொல் இருந்த இடத்தில் துளைகள். நெருக்கமாக, வரிசை பிசகாமல், மிளகளவுத் துளைகள். அந்தச் சொல்லின் ஓர் எழுத்துக்கூட மிஞ்சவில்லை. அலமாரித் தட்டில் வட்டமான காகிதப் பொட்டுகள் கொட்டிக் கிடந்தன. சாவி இந்த ஒரு மாதமும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது.

அச்சம் இருந்தது, ஆனால் அச்சத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. இறந்தபிறகும் அந்த மனிதர், அவள் செய்யாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அன்று மாலையே அவருடைய மனைவியுடன் தொலைபேசியில் பேசினாள். நேரில் வந்தால் ஒன்று சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அந்தப் பெண் வந்து, பழைய பெஞ்சில், பழைய இடத்தில் அமர்ந்தாள். பக்கத்தில் அதே ஃபிளாஸ்க். நர்ஸ் அவளுக்கு முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, ஒப்பித்தாள். சோதனை, பன்னிரண்டாம் படிவம், மேஜை, எல்லாவற்றையும்.

"உக்காருங்க," என்றாள் கண்டக்டரின் மனைவி.

"பரவால்லம்மா..."

"உக்காந்து சொல்லுங்க. முதல்லேருந்து."

அவள் அமர்ந்தாள். நின்று சொன்னபோது கோவையாக வந்த சொற்கள், அந்த முகத்துக்கு நேராக அமர்ந்தபோது ஒவ்வொன்றாகத்தான் வந்தன. 'அவர் சொன்னதாக நான் காட்டியது பொய். நான் அவரைக் கேட்கவேயில்லை.' இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லி முடிக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. பிறகு துளையிட்ட தாளை நீட்டினாள்.

அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். துளைகள் வழியே வந்த ஒளி அவள் கன்னத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"என் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன்," என்றாள். "முப்பத்தாறு வருஷத்துல எந்த நாள் நான் அவரு மனசை நோகடிச்சேன்னு ஒவ்வொரு நாளா எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கேன். தெனமும் அதான் வேலை. பத்தடி தள்ளிப் படுத்திருந்தேனே சிஸ்டர். முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

நர்ஸ் தன் கைகளையே பார்த்துக்கொண்டு, அவருடைய டிக்கெட் 'பஞ்ச்' இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டாள்.

"அவரோடயே போயிடுச்சு. கையைப் பிரிக்க முடியல. பிரிக்க வேண்டாம்னு விட்டுட்டோம்."

டிக்.

வார்டுக்குள்ளிருந்து, தெளிவாக.

கண்டக்டரின் மனைவி தலையை நிமிர்த்தினாள். அஞ்சியவளாகத் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பவள்போல, வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் வண்டியை விட்டு எறங்கலையா நீங்க?"

ஏழாம் கட்டிலின் திரை மட்டும், காற்றில்லாமல், ஒருமுறை உப்பித் தணிந்தது.

அவள் எழுந்தாள். "மன்னிச்சுட்டேன்னு என் வாயில வராது சிஸ்டர். எதிர்பாக்காதீங்க. தேடுறதை மட்டும் நிறுத்திக்கறேன்." இரண்டடி நடந்து திரும்பினாள். "உங்களை யாரு இந்தக் கேள்வியெல்லாம் கேட்டு வெச்சிருக்காங்க?"

நர்ஸ் தனியாக வாழ்கிறவள், தம்பியோடு பேசிப் பதினேழு வருடமாயிற்று.

நடந்ததை அவள் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தாள். தலைமைப் பொறுப்பு போயிற்று. சின்ன சிஸ்டரின் கீழ்ப் பணியாற்றினாள். யாரும் இப்போது 'ரூல்தடி' என்பதில்லை. அவள் வரும்போது பேச்சு நின்றுவிடும். அந்த மௌனத்தைவிட அந்தப் பெயரே மேலாக இருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஸ்டூலை இழுத்துப் போட்டு அமர்ந்து கேட்டாள். மூன்றாம் வாரத்தில் ஒரு பிற்பகல், 'பஞ்ச்' இருமுறை ஒலித்தது. அவள் உடனே தையல்காரம்மாவின் தங்கைக்குச் சொல்லியனுப்பினாள். தையல்காரம்மா தங்கையின் கையைப் பிடித்தபடி போனாள்.

அதன்பின் ஒன்பது நாள் எந்த ஓசையும் இல்லை.

பத்தாம் நாள் மூன்று மணிக்கு, காலியாக இருந்த ஏழாம் கட்டிலுக்கு விரிப்பு மாற்றத் திரையை விலக்கினாள்.

டீசல் வாடை.

ஒரு ஸ்டூல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஸ்டூல்கள், எதிரெதிராக.

மெத்தையின் மேல் ஒரு படிவம். பெயருக்குரிய கட்டத்தில் அவளுடைய பெயர், அவளுடைய கையெழுத்தில். அதை அவள் எழுதவில்லை. ஏழு கேள்விகளின் கீழும் ஒன்றும் எழுதப்படவில்லை. 'யாரை எப்போது எழுப்பிச் சொல்ல வேண்டும்' என்பதன் ஓரத்தில், இன்னும் துளையிடப்படாத, பென்சிலால் வரைந்த ஒரு சிறு வட்டம்.

வெளியே சின்ன சிஸ்டர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

அவள் நின்றாள்.

நெடுநேரம் நின்றாள்.

பிறகு, விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, அருகிலிருந்த ஸ்டூலில் அமர்ந்தாள்.

எதிரே இருந்த ஸ்டூல், ஒரு கனத்த உடல் அமர்ந்தாற்போல, கிறீச்சிட்டது.